பெட்டியைத் தொட்டவன்

கையை உள்ள எடுங்கண்ணே. பஸ் ஜன்னலுக்கு வெளியில முழங்கையைப் போடாதீங்க. கோவிச்சுக்காதீங்க, பழக்க தோஷம். எதிர்ல வர்ற லாரிக்காரன் கொஞ்சம் ஒட்டி வந்தான்னா அப்புறம் உங்களை எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு வரணும். ஆமா, டாக்டர்தான். கை டாக்டர். சிரிக்காதீங்க, அப்படி ஒண்ணு இருக்கு. பல்லுக்குத் தனி டாக்டர், கண்ணுக்குத் தனி டாக்டர்னா ஒத்துக்கிறீங்க, கைக்குன்னா மட்டும் எல்லாரும் சிரிக்கிறாங்க. எங்க மாமனாரே சிரிச்சாரு.

ஆனா இன்னைய தேதிக்கு உங்களைத் தூக்கிட்டு வந்தாலும் நான் தொட முடியாது. என்னை ஆபரேஷன் தியேட்டருக்குள்ள விட மாட்டாங்க. ஏன்னு கேளுங்க. சங்ககிரி தாண்டுற வரைக்கும் வேற வேலை என்ன இருக்கு, சொல்றேன். சொன்னா நீங்களே காறித் துப்புவீங்க.

எலும்பு டாக்டருக்குப் படிச்சு முடிச்சேன். ஊர்ப்பக்கம் சாத்தூர்ல அப்படியே ஒரு போர்டை மாட்டிட்டு உக்காந்திருக்கலாம். இல்ல, கைக்குன்னு தனியா ரெண்டு வருஷம் பயிற்சி எடுப்போம்னு சேலத்துக்கு வந்தேன். பயிற்சின்னு பேருதான். என்ன பயிற்சி? நிக்கிற பயிற்சி. கையில ஆபரேஷன் பண்றப்ப விரலை விரிச்சுப் பிடிக்க ஈயத்துல ஒரு கை உண்டுண்ணே. தட்டையா, நம்ம கை மாதிரியே இருக்கும். விரலை வளைச்சா வளைஞ்ச இடத்துல நிக்கும். நோயாளி கையை அதுல வெச்சு அமுக்கிட்டா அசையாது. எங்க தியேட்டர்ல அந்த ஈயக்கை தொலைஞ்சு போச்சு. புதுசு வாங்கல. ஏன் வாங்கணும், அதுக்குத்தான் நான் வந்துட்டேனே! மத்தவன் கையைப் பிடிச்சுக்கிட்டே ரெண்டு வருஷம். எம்.எஸ். படிச்ச ஈயம்.

எங்க சீஃப் ஞானவரம். பெரிய ஆளு, அதுல சந்தேகமே இல்ல. அறுந்த விரலை ஒட்டுறதுல இந்தப் பக்கம் அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஆனா மனுஷன் இருக்காரே... கை நடுங்கும்னு எங்களுக்கு காப்பி தடை. டீயும் தடை. அவரு மட்டும் தியேட்டர் வாசல்ல நின்னு டிகாஷன் மணக்க மணக்கக் குடிப்பாரு. "எனக்கு நடுங்காதுடா இன்பராஜ்" அப்படின்னு ஒரு சிரிப்பு வேற. ரெண்டு வருஷமா நான் வெந்நீர் குடிக்கிறேண்ணே. வெறும் வெந்நீர். வீட்டுல காப்பி போட்டா நான் மொட்டை மாடிக்குப் போயிருவேன்.

அப்புறம் கோழி. விரலுக்குள்ள ஓடுற ரத்தக்குழாய் எவ்வளவு தடிமன் தெரியுமா? சேமியா இருக்கில்ல, அதைவிடச் சன்னம். அதை மைக்ராஸ்கோப்புல பாத்து, முடியைவிட மெலிசான நூலால தைக்கணும். அதை எடுத்த எடுப்புல மனுஷன்கிட்ட பண்ண முடியாதுல்ல? அதனால கோழிக்கால். கறிக்கடையில தொடையோட வாங்கிட்டு வந்து, உள்ள இருக்கிற குழாயை வெட்டி வெட்டித் தைச்சுப் பழகணும். மூணாவது மாடியில ஒரு ரூம், ஒரு மேசை, ஒரு பழைய மைக்ராஸ்கோப். ஏசி பாதி நாள் ஓடாது. அந்த வாடை இருக்கே, சட்டையில ஏறி, தலையில ஏறி, தலகாணி உறை வரைக்கும் வரும். என் வீட்டுக்காரி பக்கத்துல படுக்க மாட்டா. கோழி திங்கிறதை விட்டேன். கறிக்கடைப் பக்கம் போனாலே கொமட்டுது. இவ்வளவும் எதுக்குங்கிறீங்க? ஒரு விரல். என் கையால ஒரே ஒரு விரலை, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் நான் ஒட்டணும். அதுக்குத்தான்.

ஏன்னா ஒட்டாம வெளியில போனா நான் கை டாக்டரே இல்ல. சிவகாசியில ஒரு ஆஸ்பத்திரியில கூப்பிட்டிருக்காங்க. அங்க கேட்ட முதல் கேள்வியே, "நீங்களே தனியா ஒட்டியிருக்கீங்களா?" வேற எதையும் கேக்கல. நான் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்னா சொல்ல முடியும்?

இந்த விஷயத்துல எங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. எங்கேயும் எழுதி வெச்சதில்ல, எல்லாருக்கும் தெரியும். அறுந்த விரல் தனியா ஐஸ் பெட்டியில வரும். நோயாளியை ரெடி பண்றதுக்குள்ள ஒரு டாக்டர் அந்த விரலை மட்டும் தனி மேசையில வெச்சு, அதுக்குள்ள குழாய் எங்க, நரம்பு எங்கன்னு தேடி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நூல் கட்டி அடையாளம் வெக்கணும். யார் அதைப் பண்றாங்களோ, அவங்கதான் அப்புறம் சீஃப் பக்கத்துல உக்காந்து ஒட்டவும் செய்வாங்க. சுருக்கமாச் சொன்னா, பெட்டியைத் தொட்டவனுக்கே கேஸ்.

என்கூட ஷமீனான்னு ஒரு பொண்ணு. வாணியம்பாடி. அதுவும் பயிற்சிக்குத்தான் வந்துச்சு, எனக்கு ஆறு மாசம் ஜூனியர். கெட்டிக்காரிதான், இல்லேங்கல. ஆனா பெட்டி வந்தா எங்கிருந்துதான் மோப்பம் பிடிக்குமோ! கேஷுவாலிட்டி லீமா சிஸ்டர் அதுக்குத் தோஸ்து. பெட்டி வாசலைத் தாண்டுறதுக்குள்ள அதுக்குப் போன் போயிரும். எனக்கு வராது. ரெண்டு விரல் ஒட்டிருச்சு. ரெண்டு! நான் அந்த ரெண்டுலயும் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அது தைக்கிறப்ப சீஃப், "பாருடா, எப்படித் தைக்குது பாரு"ங்கிறாரு. எனக்கு வயிறு எரிஞ்சுச்சுண்ணே. அந்த மைக்ராஸ்கோப்பைத் தூக்கி அப்படியே...

சரி. விடுங்க.

ரெண்டு வருஷம் முடியப் போகுது. ஒரு நாள் சீஃப் வாயைத் திறந்தாரு. "அடுத்து ஒரு கட்டைவிரல் சுத்தமான வெட்டா வந்தா, இன்பராஜ் என் நாற்காலியில உக்காந்து தைக்கட்டும்." ஷமீனா இருக்கும்போதே சொன்னாரு. அது தலையை ஆட்டுச்சு. அந்தத் தலையாட்டலை நான் நம்பல.

அன்னையிலிருந்து காத்துக் கிடக்கேன். எப்ப பாத்து லாரி ஸ்ட்ரைக் வந்துச்சு பாருங்க! லாரி ஓடலைன்னா லாரிக்கு பாடி கட்டுற பட்டறைக்கு வேலை இல்ல. எல்லாப் பட்டறையும் ஷட்டரை இறக்கிட்டான். தகடு வெட்டுற மிஷின் ஓடாம விரல் எங்கேருந்து வரும்? இந்தச் சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பக்கத்துல இருந்து மட்டும் சாதாரணமா எத்தனை வரும் தெரியுமா உங்களுக்கு? ஒண்ணும் வரல. ஊரே திடீர்னு ஜாக்கிரதை ஆன மாதிரி. கேஷுவாலிட்டியில காய்ச்சலும் வயித்துப்போக்குமா உக்காந்திருக்கு. தினமும் பேப்பரை விரிச்சு ஸ்ட்ரைக் முடிஞ்சிருச்சான்னுதான் முதல்ல பாப்பேன். லாரிக்காரங்ககூட அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டாங்க. என் நேரம் அப்படி.

ஒரு வழியா முடிஞ்சுச்சு. பட்டறை திறந்த அன்னைக்கே, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி, ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. நான் கேஷுவாலிட்டியிலயேதான் நிக்கிறேன். ஸ்ட்ரைக் முடிஞ்சா வரும்னு எனக்குத் தெரியும்ல? கூட வந்தவன் கையில ஒரு தெர்மாகோல் பெட்டி, ஐஸ்கிரீம் வண்டியில இருக்குமே, அது. திறந்து பாத்தேன். கட்டைவிரல். வலது. மேல் மூட்டுக்குக் கீழ, கத்தரிக்கோல்ல நறுக்கின மாதிரி ஒரு வெட்டு. கசங்கல, நசுங்கல. ஈரத்துணியில சுத்தி, கவர்ல போட்டு, சுத்தியும் ஐஸ் வெச்சிருந்தாங்க. பாடப் புத்தகத்துல போடுற மாதிரி இருந்துச்சுண்ணே. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"பெட்டி எங்கிட்ட"ன்னு லீமா சிஸ்டர்கிட்ட சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். அது அந்த ஆளுக்கு ஊசி குத்திக்கிட்டிருந்துச்சு. காதுல விழலைன்னு அப்புறம் சாதிச்சிருச்சு. விழாம எப்படிப் போகும்? அந்த ஆளே கேட்டாரு, "டாக்டருங்களே, வெரலு பத்திரமுங்களா?"ன்னு. "எங்கிட்ட இருக்கு"ன்னேன். அவருக்குக் கேட்டுச்சுல்ல? சிஸ்டருக்கு மட்டும் கேக்காதாம்.

இப்ப பெட்டியைத் தியேட்டருக்குக் கொண்டு போகணும். அதுதான் முறை. ஆனா அன்னைக்குத் தியேட்டர்ல யாரு? ஷமீனா. ஒரு சின்ன கேஸை முடிச்சிட்டு, கையுறையோட, சும்மா நிக்குது. நான் பெட்டியோட போறேன், கை கழுவி, கவுன் மாட்டி வர்றதுக்குள்ள அது விரலை மேசையில வெச்சு ஆரம்பிச்சிரும். சீஃப் வந்து பாத்தா என்ன சொல்வாரு? "சரி, அதான் ஆரம்பிச்சிருச்சே, நீ வந்து கையைப் பிடி"ம்பாரு. சொல்வாரா மாட்டாரா? நீங்களே சொல்லுங்க. அந்த மனுஷனை எனக்குத் தெரியாதா?

அதனால நான் மூணாவது மாடிக்குப் போனேன். ஆமா, அந்த ரூம்தான். கதவைத் தாழ் போட்டேன். மேசையை ஸ்பிரிட் போட்டு நல்லா துடைச்சேன், ஒரு தடவைக்கு நாலு தடவை. சுத்தமான துணி விரிச்சேன். ஓரத்துல காலையில பழகின கோழிக்கால் ரெண்டு தட்டுல இருந்துச்சு, அதைத் தள்ளி வெச்சேன். எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். எல்லா அடையாளத்தையும் கட்டி முடிச்சிட்டு விரலோட போய் நின்னா எவனாலயும் என்னை அந்த நாற்காலியில இருந்து எழுப்ப முடியாதுன்னு கணக்கு. போனை சைலண்ட்ல போட்டுப் பைக்குள்ள வெச்சுட்டேன். அதிர்ந்தா கை அசையும்ல? மைக்ராஸ்கோப்புல ஒரு சின்ன அசைவுகூடப் பெரிய ஆட்டம்.

அண்ணே, அந்த வேலையை நீங்க பாத்திருக்கணும். முதல் குழாய் கிடைச்சுச்சு, முத்து மாதிரி வெள்ளையா வாயைத் திறந்துக்கிட்டு. அப்புறம் இன்னொண்ணு. ரெண்டு நரம்பு. தசைநார். பின்பக்கத்துல இருக்கிற மெல்லிசுக் குழாய் யாருக்கும் லேசுல ஆம்புடாது, அதுவும் எனக்குக் கிடைச்சுச்சு. எல்லாத்துக்கும் நூல் கட்டினேன். கை துளி நடுங்கல. ரெண்டு வருஷ வெந்நீர் வீண் போகலைன்னு நினைச்சேன். என் வாழ்க்கையில அவ்வளவு சந்தோஷமா நான் இருந்ததில்ல. கல்யாணத்தன்னிக்குக்கூட இல்ல. மூணு மணி நேரம் போனதே தெரியல.

முடிச்சிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு, ஒரு மாப்பிள்ளை மாதிரி தியேட்டருக்குள்ள போறேன். அங்க எல்லாரும் பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறாங்க. தரையில மஞ்சக் கவர் பூரா பிரிச்சுக் கிடக்கு. குப்பையில போயிருச்சோன்னு ஆஸ்பத்திரிக் கழிவையெல்லாம் கொட்டித் தேடியிருக்காங்க. ஆம்புலன்ஸைத் திருப்பி வரவெச்சுத் தேடியிருக்காங்க. வெளியில அந்தாளு பொண்டாட்டி, "வெரலத் தொலச்சுப்போட்டாங்களே"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதுச்சாம். எனக்குப் போன் மேல போன். பைக்குள்ள கிடந்தா எனக்கு எப்படித் தெரியும்? மூணாவது மாடிக்கு ஒருத்தன் ஏறி வந்து கதவைத் தட்டியிருக்கலாம்ல? அறிவில்ல?

சீஃப் ஆபரேஷன் மேசை பக்கத்துல உக்காந்திருக்காரு. விரல் இல்லைன்னு முடிவு பண்ணி, நீட்டிக்கிட்டிருந்த எலும்பைக் கொஞ்சம் குறைச்சு, தோலை இழுத்து மூடித் தைச்சுட்டாரு. கடைசித் தையல். கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது யாரு? ஷமீனா.

"எங்கடா போயிருந்த?"

சொன்னேன். மறைக்கல. ஒளிவுமறைவே கிடையாது எங்கிட்ட. மேல ரூம்ல எல்லாம் கட்டி ரெடியா வெச்சிருக்கேன் சார், தையலைப் பிரிச்சா இப்பவும் ஒட்டலாம்னேன். ஒட்டலாம்ணே! விரல்ல தசை கிடையாது, ஐஸ்ல இருந்தா நெடுநேரம் தாங்கும். புத்தகத்துல இருக்கு. சீஃபுக்கும் தெரியும். பெட்டியைத் திறந்து பாத்தாரு. குனிஞ்சு ஒரு மோப்பம் பிடிச்சாரு. மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே!

"கோழிக்கால் அறுக்குற மேசையிலயா?"ன்னாரு.

"ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன் சார்."

அந்தாளுக்குக் கை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருக்கு, ஆளு முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்திருக்காரு. சீஃப் அவர் பக்கம் குனிஞ்சு, பொறுமையா, "விரல் கிடைச்சிருச்சுப்பா. திரும்பப் பிரிச்சு ஒட்டிப் பாக்கலாம். கொஞ்சம் கட்டையாத்தான் இருக்கும். சீழ் பிடிச்சா எடுக்கவும் வேண்டி வரலாம். என்ன சொல்ற?"ன்னாரு. அப்படியா கேக்கிறது? நான் கேட்டிருந்தா வேற மாதிரி கேட்டிருப்பேன்.

அந்தாளு தலையைத் தூக்கிப் பெட்டியைப் பாத்தாரு. அப்புறம், "கோழி கூட வெச்சிருந்த வெரலுங்களா?"ன்னாரு. "வேண்டாமுங்க. அதை எங்கையில வெக்காதீங்க. அந்தக் கையிலதானுங்க சோறு உங்கோணும்."

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! ஒரு கட்டைவிரல் போனா கையில பாதி போன மாதிரி. ஸ்பேனர் பிடிக்க முடியாது, சட்டைப் பித்தான் போட முடியாது. அதைவிட அருவருப்புப் பெருசாப் போச்சா? நான் ரெண்டு வருஷமா அந்த வாடையில கிடக்கேன், எனக்கு இல்லாத அருவருப்பு இவருக்கு எங்கேருந்து வந்துச்சு? அப்படியே வாய்விட்டுச் சொல்லிட்டேன். "படிக்காத ஆளு சார், நீங்க எடுத்துச் சொல்லுங்க"ன்னேன். ஷமீனா என்னை ஒரு பார்வை பாத்துச்சு. செருப்புல ஒட்டின அசிங்கத்தைப் பாப்பாங்கள்ல, அப்படி. அதுக்கென்ன, ரெண்டு ஒட்டின மிதப்பு.

அப்புறம் அந்தாளு பொண்டாட்டி விரலைக் கேட்டு வாங்கிட்டுப் போயிருச்சு. என் நூலெல்லாம் அதுலயே இருக்குண்ணே. ஒவ்வொரு குழாயிலயும் நான் கட்டின நூல். மண்ணுல புதைச்சிருப்பாங்க. அவ்வளவு சுத்தமான வேலை. ஒரு போட்டோகூட எடுத்து வெக்கல நான். நினைச்சா ராத்திரி தூக்கம் வரல.

சீஃப் அன்னைக்குச் சாயங்காலம் ரூமுக்குக் கூப்பிட்டாரு. கத்துவாருன்னு போனேன். கத்தல. "விரல் எங்கேன்னு தேடுறப்ப அந்த ஆளு என்ன சொன்னாரு தெரியுமா?"ன்னாரு. "ஒரு டாக்டர் கொண்டு போனாருங்கன்னாரு. எந்த டாக்டர், எப்படி இருந்தாருன்னு கேட்டேன். 'எனக்குத் தெரியலீங்க, அவரு எம்மூஞ்சியப் பாக்கவே இல்லீங்க, பொட்டியத்தான் பாத்தாரு'ன்னாரு." இதைச் சொல்லிட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு. விரல் பெட்டியில இருந்தா பெட்டியைத்தான் பாக்கணும். மூஞ்சியிலயா விரல் இருக்கு?

அதுக்குத் தண்டனைதான் இது. "நீ நேர்ல போ. அந்த ஆள் வீட்டுக்குப் போய், உக்காந்து, மூஞ்சியைப் பாத்து, என்னாலதான் உன் விரல் போச்சு, மன்னிச்சிருன்னு சொல்லிட்டு வா. அதுக்கப்புறம் தியேட்டருக்குள்ள வந்தாப் போதும்." என்ன அநியாயம் பாருங்க! தைச்சு மூடினது அவரு. வேண்டாம்னு சொன்னது அந்த ஆளு. தேடத் துப்பில்லாதது அந்தப் பொண்ணும் சிஸ்டரும். அந்த விரலை அன்னைக்கு ஒழுங்காப் பாத்துக்கிட்டது நான் ஒருத்தன்தான். மன்னிப்பு நான் கேக்கணுமாம்.

போறேன். போய்த்தானே ஆகணும். ஆனா நான் வெறுங்கையோட திரும்பி வர்ற ஆள் இல்ல. இந்தா பாருங்க, படம் கொண்டு வந்திருக்கேன். கட்டைவிரல் போனவங்களுக்கு ஒரு வழி இருக்குண்ணே. கால்விரலை எடுத்துக் கையில வெக்கிறது. ஆமா, நிஜமாத்தான். அவங்க கால்விரலையே குழாய், நரம்பு எல்லாத்தோடயும் எடுத்து, கட்டைவிரல் இருந்த இடத்துல ஒட்டுறது. எங்க படிப்புலயே அதைவிடப் பெரிய கேஸ் கிடையாது. ஷமீனா அதைக் கண்ணாலகூடப் பாத்ததில்ல. இவரு மட்டும் ஒத்துக்கிட்டா, ஆளைக் கூட்டிட்டு வந்தது நான்ங்கிறப்ப வேற யாருக்குக் கொடுப்பாரு சீஃப்? ஒரே கொண்டாட்டம்தான். சிவகாசிக்காரன் அப்புறம் வாயைத் திறப்பானா? கால்ல ஒண்ணு குறைஞ்சா என்ன, செருப்புப் போட்டா யாருக்குத் தெரியப் போகுது? நீங்க ஏன் காலை உள்ள இழுக்குறீங்க? உங்களை யார் கேட்டா!

எங்க இறங்கணுமா? அந்தப் பட்டறை ஸ்டாப்புதான். அட, நீங்களும் அதே ஊரா? முதல்லயே சொல்லியிருக்கலாம்லண்ணே, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வர்றேன். அப்ப அந்த வீட்டை நீங்களே காட்டிருங்க.

பேரா?

பேரு... ஏதோ சொன்னாங்கண்ணே. கேஷுவாலிட்டியில சொன்னாங்க. சீட்டுல எழுதியிருக்கும், சீட்டு ஆஸ்பத்திரியில கிடக்கு. பேரு எதுக்கு? வலது கை கட்டைவிரல் இல்லாதவர் யாருன்னு பட்டறைப் பக்கம் கேட்டா சொல்ல மாட்டாங்களா என்ன?

எத்தனை பேரு? அப்படியே அஞ்சாறு பேரா? உங்க ஒரு ஊர்லயா? எல்லாம் கட்டைவிரலா?

இருங்க, இருங்க. கண்டக்டர், நிறுத்துங்க, ரெண்டு பேர் இறங்கணும்! வாங்கண்ணே, பையை நான் எடுத்துக்கிறேன். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, பட்டறை லீவுதானே? அப்ப மத்தவங்களும் வீட்டுலதானே இருப்பாங்க?